டாட் காம் கிடைக்கவில்லையா? புது எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைப் பெயரை டாட் காமில் தேடினால் யாரோ எப்போதோ வாங்கிப் போட்டிருப்பார்கள். அதே பெயர் புது எக்ஸ்டென்ஷன்களில் (இணைய முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதுதான் எக்ஸ்டென்ஷன்) டாட் ஸ்டோர், டாட் ஷாப், டாட் ஆன்லைன் என்று வரிசையாகக் காலியாக இருக்கும், அதுவும் முதல் வருடத்துக்கு நூறு, இருநூறு ரூபாயில். வாங்கலாமா? சில வேலைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தொழிலின் நிரந்தர முகவரியாக வைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் வருட விலையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

பணம் கட்டும் பக்கத்தை உற்றுப் பாருங்கள். கொட்டை எழுத்தில் 99 ரூபாய் என்று இருக்கும். அதன் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், அடுத்த வருடம் முதல் புதுப்பிக்க எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். அது இரண்டாயிரம், மூவாயிரம் என்று போவது சகஜம். டாட் காமை நடத்தும் நிறுவனம் விற்பனையாளர்களிடம் வாங்கும் மொத்த வியாபார விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு அதன் ஒப்பந்தத்தில் வரம்பு உண்டு. புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்னால் விற்பனையாளர்களுக்கு அறிவித்தால் போதும். 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன் கையில் இருந்த சில எக்ஸ்டென்ஷன்களின் விலையைப் பல மடங்கு ஏற்றப் போவதாக அறிவித்தபோது, டாட் ஹோஸ்டிங் 20 டாலர் அளவிலிருந்து 300 டாலருக்குத் தாவியது. முகவரி விற்கும் பெரிய நிறுவனமான கோடாடி அவற்றைப் புதிதாக விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஒரே ஆறுதல், பெரும்பாலானவற்றில் 10 வருடம் வரை இன்றைய விலையிலேயே முன்கூட்டிக் கட்டி வைக்கலாம். ஆகவே கணக்குப் போடும்போது 10 வருடத்துக்குப் போடுங்கள். கூடுதல் விலை வைத்து ‘பிரீமியம்’ என்று குறிப்பிட்ட பெயராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிலவற்றில் அந்தக் கூடுதல் விலை ஒருமுறையோடு முடியாது, வருடா வருடம் வரும்.

அடுத்தது, பெயரை வாயால் சொல்லிப் பார்க்காமல் வாங்குவது. நம் ஊர் வியாபாரம் பாதி போனில்தான் நடக்கிறது. “மெயில் ஐடி சொல்லுங்க சார்” என்பார்கள். “…டாட் ஸ்டோர்” என்று முடிப்பீர்கள். “ஸ்டோர் டாட் காமா?” என்பார்கள். “இல்லைங்க, வெறும் டாட் ஸ்டோர்” என்பீர்கள். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஜிமெயில் இருந்தால் கொடுங்கள் என்பார்கள். திருத்தாமல் விட்டவர் அனுப்பும் கொட்டேஷன் திரும்பி வரும், இல்லையென்றால் அந்த டாட் காமை வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும். பழைய படிவங்கள் சில இன்னும் மோசம்: கடைசிப் புள்ளிக்குப் பின் இரண்டு முதல் நான்கு எழுத்துகள்தான் வரலாம் என்று எப்போதோ எழுதிய புரோகிராம், டாட் ஸ்டோர் முகவரியைத் தவறான மின்னஞ்சல் என்று திருப்பிவிடும்.

இது சின்னக் கடைகளுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் என்ற ஆன்லைன் கடை 2011இல் ஓ டாட் கோ என்று பெயரை மாற்றி விளம்பரத்துக்குக் காசைக் கொட்டியது. பார்த்தவர்களில் ஏராளமானோர் ஓ டாட் காம் என்று தட்டினார்கள். அப்படி ஒரு தளமே கிடையாது. அந்த வருடமே பழைய பெயருக்குத் திரும்பவேண்டி வந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் வைத்திருக்கிறதே என்று யாராவது எடுத்துக்காட்டினால் மயங்காதீர்கள். அவர்களைத் தேடி யாரும் முகவரி விசாரித்துக்கொண்டு வரப் போவதில்லை.

டாட் ஜுவல்லரி வாங்கினால் நகைக்கடைத் தேடலில் மேலே வருவோம் என்பது விற்பவர்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கை. எக்ஸ்டென்ஷனில் இருக்கும் சொல்லால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று கூகுள் 2015இலேயே சொல்லிவிட்டது. மெயில் விஷயத்தில் மட்டும் நஷ்டம் வரலாம். மலிவாகக் கிடைப்பதால் மோசடிக்காரர்களும் அங்கேதான் மொத்தமாக வாங்குகிறார்கள். டாட் டாப் நிர்வாகத்துக்கு, மோசடிப் புகார்களைக் கவனிப்பதில்லை என்று இணைய முகவரிகளை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பு 2024 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பியது. அப்படிப் பெயர்கெட்ட இடத்திலிருந்து போகும் உங்கள் இன்வாய்ஸை ஸ்பாம் வடிகட்டி சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

டாட் ஐஓ, டாட் ஏஐ, டாட் கோ இவற்றைப் புது எக்ஸ்டென்ஷன் என்று நினைப்பதும் தவறு. இவை நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உரிய குறியீடுகள். டாட் ஏஐ கரீபியன் தீவான அங்கில்லாவுடையது, குறைந்தது இரண்டு வருடத்துக்குக் கட்டியாக வேண்டும். டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துடையது. அந்தப் பிரதேசமான சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டதும், டாட் ஐஓ என்ன ஆகும் என்று சாஃப்ட்வேர் கம்பெனிகள் முழித்தன. கடல் கடந்து யாரோ போடும் கையெழுத்தில் உங்கள் முகவரி ஆடவேண்டுமா?

இந்தியாவில் தொழில் செய்பவர்கள் நம் நாட்டுக் குறியீடான டாட் இன்னைத் தாண்டிக்கொண்டு டாட் ஷாப்புக்குப் போவது எனக்குப் புரிவதே இல்லை. புதுப்பிக்கும் செலவு குறைவு, சொன்னால் புரியும். ரிசர்வ் வங்கியே வங்கிகளை எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் பேங்க் டாட் இன்னுக்கு மாறச் சொன்னது.

சரி, எதற்குத்தான் வாங்கலாம்? ஆப் செய்பவர்களுக்கு டாட் ஆப், புரோகிராமர்களுக்கு டாட் டெவ். இரண்டையும் நடத்துவது கூகுள், ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் பிரவுசரில் திறக்கவே திறக்காது. அதற்கான சான்றிதழ் போடாமல் தளத்தை ஏற்றிவிட்டு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பார்ப்பவர்கள் முகவரியைத் தட்டாமல் லிங்கை அழுத்தியே வருவார்கள் என்றால் எந்த எக்ஸ்டென்ஷனும் ஓடும்.

தீபாவளி ஆஃபருக்கு என்று தனியாக ஒரு மலிவு டொமைன் (இணைய முகவரி) வாங்கி, நோட்டீஸில் கியூஆர் கோடாக அச்சடித்துவிட்டு, அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விடுவது மட்டும் வேண்டாம். காலாவதியான பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சூதாட்டத் தளக்காரர்கள் அதற்கென்றே காத்திருக்கிறார்கள். பழைய நோட்டீஸை ஸ்கேன் செய்யும் வாடிக்கையாளர் உங்கள் கடைப் பெயரில் ரம்மி விளம்பரம் பார்ப்பார். ஏற்கெனவே இருக்கும் டொமைனிலேயே ஆஃபர் என்று முன்னால் ஒட்டி ஒரு சப்டொமைன் போட்டுக்கொண்டால் பைசா செலவில்லை.