மின்சார கன்சல்டன்ட்டிடம் கேட்காமல் விடும் கேள்விகள்

பெங்களூரு பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் பட்டறை நடத்தும் நம்மவர்கள் சோலார் மின்சாரம் வாங்க கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டால், "யூனிட் என்ன ரேட்டுங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவர் சொல்வது சோலார் ஆலையின் வாசல் விலை. சித்ரதுர்கா பக்கம் ஆலையில் ஏற்றும் 100 யூனிட் முழுசாக உங்கள் மீட்டரில் வந்து இறங்காது. கொஞ்சம் கம்பியிலேயே போய்விடும். அதற்கு மேல் பெரிய லைனுக்கு டிரான்ஸ்மிஷன் கட்டணம், உள்ளூர் லைனுக்கு வீலிங் கட்டணம், உள்ளூர் மின் நிறுவனத்தை விட்டு வெளியே வாங்குவதற்காக கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், கூடுதல் சர்சார்ஜ். எல்லாம் சேர்த்து மீட்டரில் என்ன விழும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சர்சார்ஜிலிருந்து தப்பிக்க 'குரூப் கேப்டிவ்' என்பார்கள், அதாவது பலர் சேர்ந்து ஆலையில் பங்கு வாங்கி, சொந்த ஆலை போல மின்சாரம் எடுப்பது. நல்ல வழிதான், ஆனால் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாங்குபவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆலையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இது 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளில் உள்ளது, கணக்கு வருடத்துக்கு ஒருமுறை. பங்கு வாங்கியாச்சு, சரி என்று இருந்துவிடுகிறோம். குழுவில் பெரிய ஆள் ஒருவர் ஆர்டர் இல்லாமல் ஷிப்டைக் குறைத்து, மொத்தப் பயன்பாடு 51 சதவீதத்துக்குக் கீழே போனால், ஒழுங்காக எடுத்த உங்களுக்கும் சேர்த்துத்தான் கேப்டிவ் தகுதி போகும். அந்த வருடத்துக்கான சர்சார்ஜ் பின்னால் வரும். அதை யார் கட்டுவது? ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் கையெழுத்தே போடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, கோயம்புத்தூர் மில் வைத்திருக்கும் மச்சான் சொன்னதை இங்கே பொருத்திப் பார்ப்பது. அவருடைய காற்றாலைக் கணக்கு தமிழ்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி. இங்கே கர்நாடக ஆணையம், பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம். பேங்கிங்கும் (உபரி மின்சாரத்தைக் கணக்கில் வைத்துப் பிறகு எடுப்பது) கட்டணமும் வேறு. கர்நாடகத்துக்குள்ளேயே பழைய தகவல் ஆபத்து. ஓப்பன் ஆக்சஸ், அதாவது உள்ளூர் மின் நிறுவனத்தைத் தாண்டி வெளியே மின்சாரம் வாங்க, பசுமை மின்சாரத்துக்கான குறைந்தபட்ச வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கிய 2022 மத்திய விதிகளை 2024 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று விளக்கத் தடுமாறும் கன்சல்டன்ட் எனக்கு வேண்டாம்.

வருட மொத்த யூனிட்டை மட்டும் காட்டி கணக்குப் போடுவதும் தவறு. மின்சாரச் சந்தை ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாகப் பார்க்கிறது. மதியம் சோலார் குவிந்து விலை விழும், மாலையில் ஏறும். இரவு ஷிப்ட் ஓடும் பட்டறைக்கு மதிய மின்சாரம் எந்த அளவுக்கு உதவும் என்பதை 15 நிமிட மீட்டர் பதிவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்காதவர் உங்கள் வேலையைப் பார்க்க வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக, இலவச ஆலோசனை. கட்டணம் நீங்கள் தராவிட்டால் அவருக்கு சோலார் கம்பெனி தருகிறது. அதில் தப்பில்லை, எவ்வளவு என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்.