வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களுக்குப் போகும் பெண்ணியல் ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருஷா வருஷம் கோடை தொடங்கும்போது இந்த மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். "மேடம், ரெண்டு வாரம் லண்டன் போறேன். பெண்கள் நூலகம், பிரிட்டிஷ் நூலகம், முடிஞ்சா ஆம்ஸ்டர்டாம். எதையெல்லாம் பாக்கணும்?" எதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்ததை எப்படி ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. விளைவு, நாங்கள் அந்தக் காலத்தில் இடித்துக்கொண்ட அதே நிலைப்படியில் இவர்களும் தலையை இடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்வெட்டர், பிளக் அடாப்டர், ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வைக்கும் விதம் இதெல்லாம் இங்கே கிடையாது. அதற்கு யூடியூப் இருக்கிறது.

ஆள் வாழ்ந்த ஊரில்தான் தாளும் இருக்கும் என்று நம்புவது

நாசிக்கில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, கல்கத்தாவில் வேலை பார்த்தவர் கொர்னேலியா சொராப்ஜி. அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டச்சு மருத்துவர் அலெட்டா யாகோப்ஸும் அவர் கணவர் கெரிட்சனும் பெண்கள் வரலாறு பற்றிச் சேர்த்த புத்தகங்களைத் தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடினால் ஏமாற்றம்தான். அந்தச் சேகரிப்பு 1903இல் சிகாகோவுக்கு விற்கப்பட்டு, 1954இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. அதன் டிஜிட்டல் வடிவத்துக்குச் சந்தா கட்டியிருக்கும் பல்கலைக்கழகம் எதிலாவது உட்கார்ந்து அதைத் திரையிலேயே படித்துவிடலாம், விமானமே ஏற வேண்டாம். அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கரின் தாள்கள் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திலும் நார்தாம்ப்டனிலுள்ள ஸ்மித் கல்லூரியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, "அவர் இந்தியப் பயணத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை" என்று முடிவுரை எழுதியவர்கள் உண்டு. நம் முத்துலட்சுமி ரெட்டியின் தாள்களுக்கு வெளிநாடு போகவே வேண்டாம், டெல்லி தீன்மூர்த்தி வளாகத்திலுள்ள பழைய நேரு நினைவு நூலகத்துக்குப் போனால் போதும்.

தாள்கள் தாமாகவும் ஊர் மாறியிருக்கின்றன. பெண்கள் இயக்கத்துக்கான சர்வதேசக் காப்பகத்தை ஆம்ஸ்டர்டாமில் 1935இல் தொடங்கினார்கள். 1940இல் நாஜிகள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். அது மாஸ்கோவில் இருப்பது 1992இல்தான் தெரியவந்தது. திரும்பி வந்தது 2003இல். இன்று ஆட்ரியா என்ற பெயரில் இயங்குகிறது அந்தக் காப்பகம். நடுவில் வெளியான ஆய்வு நூல்கள் "அழிந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

லண்டன் பெண்கள் நூலகத்தின் கதையும் அப்படித்தான். பழைய நூல்களின் அடிக்குறிப்பில் 'ஃபாசெட் நூலகம்' என்று இருக்கும். அடுத்த தலைமுறை நூல்களில் கிழக்கு லண்டன் ஓல்ட் காசில் தெரு முகவரி இருக்கும். 2013 முதல் அது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகத்துக்குள் இருக்கிறது. அடிக்குறிப்பை நம்பி ஆல்ட்கேட் ஸ்டேஷனில் இறங்கிய ஒரு பெண், பழைய சலவைக்கூடத்தின் செங்கல் முகப்பைப் படம் எடுத்து, "மேடம், கதவு எங்க இருக்கு?" என்று அனுப்பினாள். முகப்பு அழகானதுதான். ஆனால் அவளுடைய ஒரு பகல் அதோடு போயிற்று.

கணவர் பெயரில் தேடாமல் விடுவது

பெண்ணியம் படித்தவர்களுக்கு இது கசக்கும், ஆனால் செய்தே ஆக வேண்டும். 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர் ராதாபாய் சுப்பராயன், இன்னொருவர் ஜஹானாரா ஷா நவாஸ். காப்பகத்தின் பட்டியலில் 'ராதாபாய்' என்று தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். 'திருமதி சுப்பராயன்' என்று தட்டிப் பாருங்கள். ராமேஸ்வரி நேரு வேண்டுமென்றால் 'திருமதி பிரிஜ்லால் நேரு'. ரெட்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையையும் போட்டுப் பாருங்கள். கிளம்பும் முன்பே, நீங்கள் தேடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த பெயர், கணவர் பெயர், பட்டம், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி இல்லாத படம்

இத்தனை வருஷம் ஆகியும் என் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

தேவதாசி முறை ஒழிப்பைப் பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருத்தி. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் மசோதா கொண்டுவந்தார், சட்டம் வந்தது 1947இல். இந்த இடைக்காலத்தில் லண்டனிலிருந்த பெண்கள் அமைப்புகள் என்ன பேசிக்கொண்டன என்பதுதான் அவள் கேள்வி. நல்ல கேள்வி. கடன் வாங்கி லண்டன் போனாள். காலையில் வாசிப்பறை திறக்கும்போது உள்ளே போவாள், மூடும்போது வெளியே வருவாள். நடுவில் முழுக்கப் படம், படம், படம். ஊர் திரும்பியதும் என் வீட்டுக்கு வந்து, போனை மேசையில் வைத்து ஒரு கடிதத்தைக் காட்டினாள். கார்பன் பிரதி. ஊதா எழுத்து வெளிறியிருந்தது. தேதியில் வருஷம் இருந்த இடம் சரியாக மடிப்பில் மாட்டியிருந்தது. கையெழுத்துக்குப் பதில் வெறும் முதலெழுத்துகள். யாருக்கு எழுதியது என்பது முந்தைய பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் படத்தில் இல்லை. ஆனால் உள்ளே இருந்த விஷயம்! மசோதாவை ஆதரிப்பதா, தள்ளி நிற்பதா என்று அமைப்புக்குள்ளேயே நடந்த சண்டை நாலு வரியில் அப்பட்டமாக இருந்தது. அவள் ஆய்வேட்டின் ஒரு இயல் முழுவதையும் தாங்கக்கூடிய கடிதம்.

"இது எந்தப் பெட்டி? எந்தக் கோப்பு?" என்று கேட்டேன்.

"மூணாவது நாள் எடுத்தது மேடம்."

அதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் பல கோப்புகளைப் பார்த்திருக்கிறாள். போதாததற்கு, இடம் போதவில்லை என்று படங்களைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்திருக்கிறாள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரத்தையும் துடைத்துவிடும். வரிசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற கடைசி வழியும் அதோடு அடைபட்டது. காப்பகத்துக்கு எழுதிப் பார்த்தோம். படத்தை வைத்துக்கொண்டு கோப்பைத் தேட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னது நியாயம்தான், அங்கே பெட்டிகள் கொஞ்சமா நஞ்சமா? கடைசியில் அந்தக் கடிதம் ஆய்வேட்டில் ஏறவில்லை. அடிக்குறிப்பு போட முடியாத சான்று சான்றே இல்லை. இன்னொரு முறை போக அவளிடம் பணம் இல்லை.

எனக்குக் கோபம் அவள்மேல் அல்ல. ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம் முழுக்கக் கோட்பாடு நடத்துகிறோம். ஒரு பெட்டியைத் திறந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. சரி, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி மேசைக்கு வந்ததும் முதல் படம், பெட்டியின் சீட்டு. அடுத்தது கோப்பின் மேலட்டை, அதன் எண்ணோடு. லண்டன் பெண்கள் நூலகத்தில் பிரிட்டிஷ் பெண்ணியத் தலைவர் எலினார் ராத்போனின் தாள்கள் 7ஈஎல்ஆர் (7ELR) என்று தொடங்கும். ஒழுக்க, சமூகச் சுகாதாரச் சங்கத்தின் பதிவுகள் 3ஏஎம்எஸ் (3AMS) என்று தொடங்கும், இந்தியா பற்றிய கோப்புகளும் அதற்குள் உண்டு. இந்த எண்தான் தாளின் வீட்டு முகவரி. ஒரு துண்டுக் காகிதத்தில் அதைப் பென்சிலால் எழுதி, அந்தக் கோப்பில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஓரமாகத் தெரியும்படி வையுங்கள், எழுத்தை மறைக்காமல். கோப்பு முடிந்ததும் வெறும் மேசையை ஒரு படம் எடுங்கள். பிறகு பார்க்கும்போது எது எங்கே முடிகிறது என்று அந்தக் காலி மேசை காட்டிக்கொடுக்கும்.

பின்பக்கத்தையும் எடுங்கள். பெண்களின் கடிதங்களில் சங்கதி பாதி ஓரத்திலும் பின்னாலும்தான் இருக்கும். உறை இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே தேதி இல்லாவிட்டால் தபால் முத்திரை சொல்லும்.

அறைக்குத் திரும்பியதும், சாப்பிடும் முன்பே, படங்களை மடிக்கணினிக்கு மாற்றி ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஃபோல்டர் போட்டு, கோப்பு எண்ணையே அதற்குப் பெயராக வையுங்கள். யார் யாருக்கு, எப்போது, எதைப் பற்றி என்று ஒரு கடிதத்துக்கு ஒரு வரி எக்செல்லில் ஏற்றுங்கள். "ஊருக்குப் போய் நிதானமா செய்யலாம்" என்பவர்கள் செய்வதே இல்லை. அசல் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மேகச் சேமிப்பில் (கிளவுடில்) ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும்.

படம் எடுக்க அனுமதிப் படிவம், சில இடங்களில் கட்டணம், சில கோப்புகளுக்குத் தடை, இதையெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் படித்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். உட்கார்ந்து படித்து, வேண்டியதை மட்டும் எடுப்பவர்கள்தான் எதைத் தேடி வந்தோம் என்பதை இரண்டாம் நாளே மாற்றிக்கொள்ள முடிகிறது.

பேனா

வாசிப்பறைக்குள் பேனாவை விடமாட்டார்கள். பென்சில் கொண்டுபோங்கள்.

மின்னஞ்சல் அனுப்பாமல் கிளம்புவது

இணையதளத்தைப் பார்த்தேன், திறந்திருக்கும் என்று போட்டிருந்தது என்பார்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, பட்டியல் உட்படப் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. டிக்கெட் எடுத்துவிட்டுத் தவித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஹார்வர்டிலுள்ள ஷ்லெசிங்கர் நூலகம் போன்ற இடங்களில் பல பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கும், முன்கூட்டியே கேட்டால்தான் மேசைக்கு வரும். காப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். என்ன ஆய்வு, எந்தக் கோப்புகள், எந்தத் தேதிகள் என்று நாலு வரி போதும். பதிலில் அவர்களாகவே, "இதையும் பாருங்கள்" என்று ஒரு கோப்பு எண் சேர்த்து அனுப்புவார்கள். பயணத்தின் மிக நல்ல கோப்பு அதுவாகவே இருந்துவிடுவது உண்டு. அனுமதி அட்டைக்கு பாஸ்போர்ட் போதுமா, வீட்டு முகவரிச் சான்றும் வேண்டுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஊரே விடுமுறையில் இருக்கும் ஆகஸ்டில் பாரிஸ்

வேண்டாம்.

விசாவில் ஒற்றை நுழைவு

ஆம்ஸ்டர்டாம், அடுத்து லண்டன், அதற்கடுத்து பாரிஸ் என்று திட்டம் போடுகிறீர்கள். கையில் இருப்பது ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. லண்டனுக்குக் கிளம்பிய அன்றே அது முடிந்துவிட்டது, பாரிஸ் போக முடியாது. இங்கிலாந்துக்குத் தனி விசா என்பது எல்லோருக்கும் தெரியும், நடுவில் அங்கே போய்வந்தால் ஷெங்கனுக்குள் மறுபடி நுழைய வேண்டியிருக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பல முறை நுழையும் விசா கேளுங்கள். கிடைக்காவிட்டால் லண்டனை முதலிலோ கடைசியிலோ வையுங்கள்.

உரைக்குப் பணம் தருகிறோம் என்று அழைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பி-1 என்ற வணிகப் பயண விசாவில் ஒரு நிறுவனத்தில் 9 நாளுக்கு மேற்படாத பணிக்கு, ஆறு மாதத்தில் அதிகபட்சம் 5 நிறுவனங்களிடமிருந்து மதிப்பூதியம் வாங்கலாம். எத்தனை என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். இங்கிலாந்தில் அழைப்பு பயணத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் உரையை முடித்துவிட வேண்டும்.

இந்தியப் பெண்கள் அத்தனை பேருக்கும் நீங்களே பதில் சொல்வது

1929இல் லண்டன் காக்ஸ்டன் ஹாலில், இந்தியப் பெண்களின் நிலை பற்றி எலினார் ராத்போன் ஒரு மாநாடு கூட்டினார். எங்கள் நாட்டுத் தீமைகளைப் பற்றி பிரிட்டிஷ் பெண்கள் கூட்டம் போட என்ன உரிமை என்று இந்தியப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த தன்வந்தி ராமராவ் அங்கேயே எழுந்து கேட்டார். இன்று நிலைமை வேறு. நம்மையே மேடையேற்றி, "இந்தியப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். நாமும் மகிழ்ந்து போய்ப் பதில் சொல்லத் தொடங்குகிறோம். தஞ்சை வட்டாரத்தில் ஒரு சாதிப் பெண்களின் கூலி வரலாற்றைப் படித்தவர், மணிப்பூருக்கும் காஷ்மீருக்கும் சேர்த்துப் பேசுவதைக் கேட்டு நான் நெளிந்திருக்கிறேன். "அது என் ஆய்வில் இல்லை" என்று சொல்லுங்கள். அரங்கில் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். கேள்வி கேட்டவர் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஊரைப் பார்க்காமல் திரும்புவது

காப்பகம் மூடியதும் நேரே அறைக்கு ஓடாதீர்கள். லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில், பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் சிலை 2018இல்தான் வந்தது. அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வைத்த முதல் சிலை அதுவே. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலில் நின்று பாருங்கள். பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின் மகள் இளவரசி சோஃபியா துலீப் சிங், பெண்கள் வாக்குரிமைப் பத்திரிகையைக் கூவி விற்ற இடம் அது. விக்டோரியா ராணியின் தயவில் கிடைத்த அரண்மனையைச் சேர்ந்த வீட்டில் குடியிருந்துகொண்டே, அதே அரண்மனையின் வாசலில் நின்று விற்றிருக்கிறார் என்பது, அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும்.

போர்டிங் பாஸைக் கிழித்துப் போடுவது

"செலவைத் திருப்பித் தருகிறோம்" என்றால் முதலில் உங்கள் கைக்காசு என்று அர்த்தம். வந்து சேர மாதங்கள் ஆகலாம். டிக்கெட் ரசீதோடு போர்டிங் பாஸையும் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. முன்பணம் தருவார்களா என்று அழைப்பு வந்த அன்றே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தர மாட்டோம் என்றால், விமான டிக்கெட்டையாவது அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.