பெரிய அடுப்புக்கு எந்தக் கட்டை?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் அன்னதானம் என்றால் விறகுப் பொறுப்பு என் தலையில்தான் விழும். என்ன மரம் என்பது அப்புறம், காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது பால்மரம், அதாவது ரப்பர் மரம். 25, 30 வருஷம் பால் வெட்டியபின் மறுநடவுக்குச் சாய்ப்பார்கள், அப்போது கேட்டு வாங்கலாம். சட்டென்று பற்றும், தீ சீராக நிற்கும். ஆனால் கெட்டுப்போவதிலும் அவசரக்கார மரம். வந்த கையோடு பிளந்துவிட வேண்டும். உருட்டாகவே போட்டால் நீலப் பூஞ்சை பாயும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், கடைசியில் கையில் சக்கைதான். பிளந்ததைத் தரையில் படாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, கூரைக்குக் கீழே அடுக்குங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு மூன்று மாதமாவது வேண்டும். தீபாவளி மாத மழைக்குத் தார்ப்பாய் போட்டால் மேலே மட்டும் போடுங்கள். சுற்றிக் கட்டினால் பூஞ்சைதான்.

காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானே கழன்று வரும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் அடுப்புக்கு, 'தொப்' என்றால் மறுபடி அடுக்குக்கு.

சோறு, சாம்பாருக்குப் பால்மரமே போதும். பாயசம் மாதிரி நின்று வேக வேண்டியதற்குப் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக் கட்டை. மாத்தாங் அலையாத்திக் காட்டில் 30 வருஷச் சுழற்சியில் வெட்டி, கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்களே, அதே மரம்தான். கனல் நெடுநேரம் நிற்கும், விலையும் கூட. விற்கிறவரிடம் வாங்குங்கள், வனத்துறை காட்டில் கை வைக்காதீர்கள். ரம்புத்தான் கட்டையும் கனமான நல்ல விறகு. டுரியான் லேசு, நான் எடுப்பதில்லை. செம்பனை மட்டை பொசுக்கென்று எரிந்து சாம்பலாகும். மூங்கிலைக் கணுவோடு போட்டால் வெடிக்கும், பிளந்து போடுங்கள்.

ரெங்காஸ் மரத்தைத் தொடவே வேண்டாம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், புகையும் ஆகாது. மேசை நாற்காலித் தொழிற்சாலைத் துண்டுகள் பார்க்க அழகுதான். மருந்தும் பசையும் வார்னிஷும் ஏறியது சமையலுக்கு எதற்கு?

பற்றவைக்கப் பெரியவர்கள் சிலர் ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் உறைந்துபோன ரப்பர் பாலை, கொளுத்திப் போடுவார்கள். தீ பிடிக்கும், சரி. அந்தக் கரும்புகை நாற்றத்தோடு சோற்றை யார் சாப்பிடுவது? காய்ந்த தேங்காய்ப் பன்னாடையும் நாலு சிராயும் போதும்.