ஒட்டலா, பிசுபிசுப்பா? செல்களைப் பிரித்துச் சேர்த்துப் பார்க்கும் முறை

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு டியூபைத் தூக்கிக் காட்டி, "இந்தச் செல்கள் ஒட்டியிருக்கின்றனவா, பிசுபிசுத்துக் கிடக்கின்றனவா?" என்று கேட்பேன். பெரும்பாலும் சிரிப்புதான் பதில். நானும் முதல் வருஷத்தில் சிரித்தவள்தான். அப்புறம் மூன்று வாரப் படங்களைக் குப்பையில் போட வேண்டி வந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது தெரிய வேண்டும். எலிக் கரு எட்டு செல்லாக இருக்கும்போது எட்டும் தனித்தனி உருண்டைகளாகத் தெரியும். சில மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு ஒரே பந்து போல ஆகிவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருந்த கோடே மங்கிவிடும். இதைச் செய்வது இ-கேட்ஹெரின் என்ற புரதம். சுற்றியிருக்கும் திரவத்திலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டால் பந்து மறுபடி எட்டு உருண்டையாகத் தளரும். திருப்பிக் கொடுத்தால் மறுபடி இறுகும். இந்தப் புரதத்துக்கான ஜீன் இல்லாத கருவும் முதலில் இறுகத்தான் செய்கிறது, தாயின் முட்டையிலிருந்து வந்த சேமிப்பு இருப்பதால். சேமிப்பு தீர்ந்ததும் வெளி அடுக்கு உருவாகாமல் கரு நின்றுவிடுகிறது.

கால்சியம் இங்கே பசை இல்லை. கேட்ஹெரினின் வெளிப்பகுதி ஐந்து கணுக்கள் கொண்ட குச்சி மாதிரி. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் மூன்று மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்து அதை விறைப்பாக வைத்திருக்கின்றன. விறைப்பாக இருந்தால்தான் நுனி எதிர்ச் செல்லின் நுனியைப் பிடிக்கும். கால்சியம் போனால் குச்சி துவண்டுவிடும். துவண்டதை டிரிப்சின் என்ற, புரதங்களை வெட்டும் என்சைம் எளிதில் நறுக்கிவிடும். கீழே வரும் செய்முறை முழுக்க இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். தட்டில் வளர்ந்த செல்களைக் கேட்ஹெரின் கெடாமல் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

தினமும் செல்களைப் பிரிக்க எடுக்கும் டிரிப்சின் பாட்டிலை இதற்குத் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் இடிடிஏ என்ற ரசாயனம் கலந்திருக்கும்; அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், கேட்ஹெரின் மொட்டையாகிவிடும். வெறும் டிரிப்சினை 0.01 சதவீதத்துக்குக் கரைத்து, அதில் 1 மில்லிமோலார் கால்சியம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானிய உயிரியலாளர் மசாதோஷி தகெய்ச்சி. கியோட்டோவில் ஒட்டிக்கொண்டிருந்த செல்கள், அவர் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய் அதே சோதனையைச் செய்தபோது ஒட்டவில்லை. காரணத்தைத் துருவியபோது, அங்கிருந்த டிரிப்சினில் இடிடிஏ இருந்தது. 1977-ல் அதை விளக்கிக் கட்டுரை வந்தது. 1984-ல் கேட்ஹெரின் என்ற பெயர் வந்தது. பாட்டில் லேபிளைப் படிப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இந்தக் கரைசலில் 37 டிகிரியில் இருபது முப்பது நிமிஷம் மெதுவாக ஆட்டி வையுங்கள். செல்கள் தட்டை விட்டுக் கிளம்பும், ஆனால் தனித்தனியாகப் பிரியாது. தகடு தகடாக மிதக்கும். புதியவர்கள் இங்கேதான் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் டிரிப்சின் ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள். தகடாக மிதக்கிறது என்றால் கேட்ஹெரின் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். டிரிப்சினை முடக்கும் சோயா புரதத்தைச் சேர்த்து, நன்றாகக் கழுவி, டிரிப்சின் துளியும் மிச்சமில்லை என்றான பிறகு கால்சியம் இல்லாத குளிர்ந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) போடுங்கள். இப்போது பைப்பெட்டால் நாலைந்து முறை மெதுவாக உறிஞ்சி விட்டாலே ஒவ்வொன்றாகப் பிரிந்துவிடும். நறுக்கும் கத்தி இல்லாத இடத்தில் குச்சி துவண்டால் நஷ்டமில்லை.

இனி என் மூன்று வாரக் கதை. நானும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, செல்களைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் போட்டு, ஆட்டும் மேடையில் வைத்தேன். அரை மணியில் அழகழகான கட்டிகள். படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கால்சியம் போடாத குழியின் படம் எங்கே?" என்றார். அதையும் எடுத்திருந்தேன், பார்க்கத்தான் இல்லை. அதிலும் அதே கட்டிகள்! பைப்பெட்டை நான் வேகமாக அடித்ததில் கொஞ்சம் செல்கள் உடைந்து, உள்ளிருந்த டிஎன்ஏ வெளியே வந்து சளி மாதிரி எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியிருந்தது. கண்ணுக்கு நெருக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பிசுபிசுத்த கட்டியில் ஒவ்வொரு செல்லும் உருண்டையாகவே இருக்கும், நூல் மாதிரி வால் தொங்கும். உண்மையில் ஒட்டிய கட்டியில் போகப் போகச் செல்கள் ஒன்றோடொன்று தட்டையாக அழுந்தி, விளிம்பு வழவழப்பாகிவிடும். அன்றிலிருந்து டிஎன்ஏவை வெட்டும் என்சைமைச் சேர்க்காமல் நான் சோதனையைத் தொடங்குவதில்லை.

ஆகவே குழிகளை இப்படி வையுங்கள்: பிளாஸ்டிக்கில் ஒட்டாமலிருக்க எல்லாக் குழிக்கும் அல்புமின் என்ற புரதப் பூச்சு, ஒன்றில் 1 மில்லிமோலார் கால்சியம், ஒன்றில் கால்சியம் இல்லை, முடிந்தால் மூன்றாவதில் கால்சியத்தோடு இ-கேட்ஹெரினை மறிக்கும் ஆன்டிபாடி. 37 டிகிரி, நிமிஷத்துக்கு 80 சுற்று. தொடக்கத்திலும், 30, 60 நிமிஷத்திலும் மிதக்கும் துகள்களை எண்ணுங்கள். ஒரு கட்டியை ஒரு துகளாகக் கணக்கில் கொள்ளுங்கள். முதல் குழியில் எண்ணிக்கை சரசரவென்று குறைந்து மற்ற இரண்டிலும் அப்படியே நின்றால்தான் ஒட்டியது கேட்ஹெரின் என்று எழுதலாம்.

இது கைவந்தபின் கலப்புச் சோதனைக்குப் போகலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எல் செல்கள் என்ற எலிச் செல்வகையில் கேட்ஹெரின் அநேகமாக இல்லை. ஒரு கூட்டத்துக்கு இ-கேட்ஹெரின், இன்னொன்றுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த பி-கேட்ஹெரின் ஜீனைக் கொடுத்துக் கலந்தால் தனித்தனிக் கட்டிகளாகப் பிரிகின்றன. 1988-ல் தகெய்ச்சியின் குழு இதைக் காட்டியது. கருவில் நரம்புக் குழாய் மேல்தோலிலிருந்து விலகும்போது இதே மாதிரி ஒன்று நடக்கிறது: குழாயாகும் செல்கள் இ-கேட்ஹெரினை விட்டு, இன்னொரு வகையான என்-கேட்ஹெரினுக்கு மாறுகின்றன. ஆனால் "இனம் இனத்தோடு சேரும்" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். அளவும் முக்கியம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பி-கேட்ஹெரினை, ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் கொடுத்தபோது, அதிகம் உள்ளவை நடுவில் போய் உட்கார்ந்தன, குறைந்தவை வெளியே போர்த்திக்கொண்டன. 1994-ல் வந்த முடிவு இது. அதனால் கலப்பதற்கு முன் இரு கூட்டத்திலும் புரத அளவை அளந்துவிடுங்கள்.

ஒரு கூட்டத்துக்குப் பச்சைச் சாயம், மற்றதற்குச் சிவப்பு. சரிசமமாகக் கலந்து, டிஷ்ஷின் மூடியின் உள்பக்கம் 20 மைக்ரோலிட்டர் துளிகளாக வையுங்கள். டிஷ்ஷுக்குள் கொஞ்சம் பஃபர் ஊற்றினால் துளிகள் காயாது. மூடியைத் தயங்காமல் ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். பாதியில் நிறுத்தினால் துளி வழிந்து பக்கத்துத் துளியோடு கலந்துவிடும். அதனால் துளிக்குத் துளி ஒரு சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறப்பதற்கு முன்பே மைக்ராஸ்கோப் விளக்கைப் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.