பேக்கேஜ் வார்னிங்: கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு என்டர் தட்டாதீர்கள்

பேக்கேஜ், அதாவது தயாராகக் கிடைக்கும் மென்பொருள் தொகுப்பு, ஒன்றை கமாண்ட் லைனில் இன்ஸ்டால் செய்யும்போது மஞ்சளும் சிவப்புமாக வரிகள் ஓடினால் பலர் ஒன்று கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள், இல்லையென்றால் கடைசியில் இருக்கும் கமாண்டை அப்படியே காப்பி செய்து அடித்துவிடுகிறார்கள். இதில் இரண்டாவதுதான் மோசம்.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் என்பிஎம், இத்தனை வல்னரபிலிட்டி (பாதுகாப்பு ஓட்டை) இருக்கிறது என்று பயமுறுத்திவிட்டு, அவற்றைச் சரிசெய்யும் 'ஆடிட் ஃபிக்ஸ்' கமாண்டை ஃபோர்ஸோடு ஓட்டச் சொல்லும். ஓட்டினால் உங்கள் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் இருக்கும் வெர்ஷன் வரம்பைத் தாண்டி மேஜர் வெர்ஷனையே மாற்றிவிடும், நேற்றுவரை ஓடிய பில்ட் இன்று படுத்துவிடும். முதலில் வெறும் ஆடிட்டை, டெவலப்மென்டுக்கு மட்டும் தேவையான பேக்கேஜ்களை விட்டுவிடும் 'ஒமிட் டெவ்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பில்ட் டூல்களுக்குள் மட்டும் இருக்கும் ஓட்டைகள் பட்டியலிலிருந்து போய்விடும், மீதி என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம். 'டெப்ரிகேட்டட்' (இனி பயன்படுத்த வேண்டாம்) என்ற வரிகளுக்கு அவ்வளவு பதற்றம் வேண்டாம், பெரும்பாலும் அது நீங்கள் கேட்டே இராத, நாலு அடுக்கு உள்ளே இருக்கும் பேக்கேஜ்.

பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப்பில் ஒரு குழப்பம் உண்டு. சிவப்பில் 'எரர்' என்று வரும், அடுத்த வரியிலேயே 'சக்ஸஸ்ஃபுலி இன்ஸ்டால்டு' என்றும் வரும். எதை நம்புவது? இரண்டுமே உண்மைதான். நீங்கள் கேட்டது ஏறிவிட்டது, ஆனால் ஏற்கெனவே இருந்த வேறொன்றின் தேவை உடைந்துவிட்டது. உதாரணமாக அதற்கு 'நம்பை' (NumPy) என்ற கணக்கீட்டு பேக்கேஜ் 2-க்குக் கீழான வெர்ஷனில் வேண்டும், இப்போது உங்களிடம் இருப்பது 2.1. உடைந்தது எது என்று அந்த எரரிலேயே பெயரோடு இருக்கும், யாரும் படிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அப்புறம் 'பிப் செக்' ஓட்டினாலும் காட்டும்.

2023-இல் வந்த டெபியன் 12 லினக்ஸ் முதல், சிஸ்டத்தோடு வரும் பைத்தானில் நேரடியாக பிப் இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' (இதை நிர்வகிப்பது பிப் அல்ல, சிஸ்டம்) என்று மறுத்துவிடும். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' போட்டால் வேலை நடக்கும் என்று அந்த மெசேஜே சொல்வது, என்னைக் கேட்டால், கொஞ்சம் வில்லங்கம். சிஸ்டத்தின் சொந்த டூல்கள் சிலவும் அதே பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. வென்வ், அதாவது தனியான பைத்தான் சூழல், ஒன்று உருவாக்குங்கள், கமாண்ட் லைன் டூல் என்றால் அந்தச் சூழலைத் தானே உருவாக்கிக்கொள்ளும் பிப்எக்ஸ் போதும்.

டெபியன், உபுண்டுவின் இன்ஸ்டால் கமாண்டான ஆப்ட் 'லாக் கிடைக்கவில்லை' என்றால், அதாவது வேறொன்று ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறது என்றால், லாக் ஃபைலை அழிக்காதீர்கள். புது வெர்ஷன்களில் எந்த ப்ராசஸ் லாக்கைப் பிடித்துவைத்திருக்கிறது என்று எண்ணோடு வரும், உபுண்டுவில் பெரும்பாலும் பின்னணியில் ஓடும் ஆட்டோ அப்டேட்தான். சில நிமிடம் பொறுத்தால் தானே விட்டுவிடும். அழித்துவிட்டு இன்னொன்றை ஓட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் இன்ஸ்டால் ஆனவற்றின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜி டேட்டாபேஸில் எழுதப் போகும், அதைச் சரிசெய்ய சில நிமிடம் போதாது.