சயின்ஸ் ஃபிக்ஷன் கேமைப் படமாக்கும்போது நடிகர் தேர்வு

முகச்சாயலில் தொடங்காதீர்கள். திரைக்கதையில் நாயகன் தலைக்கவசத்தோடு வரும் காட்சிகளையும் முகம் தெரியும் காட்சிகளையும் முதலில் தனித்தனியாக எண்ணுங்கள். கவசம்தான் அதிகம் என்றால் குரலும் நடையும் வாய்த்தவரைத் தேடுங்கள். ஆடிஷனிலேயே கனமான உடுப்பும் கவசமும் மாட்டி இரண்டு பக்க வசனம் பேசவையுங்கள். மூச்சு வாங்குவதும் கழுத்து திரும்பாததும் அங்கேயே தெரிந்துவிடும்.

முகத்தைக் காட்டுவதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ‘ஹேலோ’ கேம்களில் மறைந்தே இருந்த நாயகன் மாஸ்டர் சீஃபின் முகத்தை, அந்த கேம்களைத் தழுவிய 2022 டிவி தொடர் முதல் எபிசோடிலேயே காட்டியது. ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். அதே தொடரில் கோர்டானா என்ற ஏஐ பாத்திரத்துக்கு, கேமில் அதற்குக் குரல் கொடுத்த ஜென் டெய்லரையே எடுத்தது நல்ல முடிவு.

கிராஃபிக்ஸ் பாத்திரத்தோடு பேசும் காட்சிக்கு, சுவரில் ஒட்டிய குறியைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். பார்வை அலைந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.