நியூரான்களின் முப்பரிமாணப் பரவலை அளப்பது எப்படி?

கன்ஃபோகல் நுண்ணோக்கியில் (ஆழத்தை மாற்றி மாற்றித் தளம் தளமாகப் படமெடுக்கும் கருவி) எடுத்த மூளைத் துண்டின் படத்தொகுதி ஒன்று கையில் இருக்கிறது. அதிலுள்ள நியூரான்கள் கூட்டமாகத் திரண்டிருக்கின்றனவா, இடைவெளி விட்டு ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா, அல்லது தற்செயலாகச் சிதறிக் கிடக்கின்றனவா என்று அறிய வேண்டும். இதற்குத் தேவையான நான்கு மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன: படங்களைத் திறந்து அளக்க ஃபிஜி, முப்பரிமாணப் படங்களைப் பார்க்க நாபாரி, செல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் குறிக்க செல்போஸ், புள்ளிகளின் பரவலை ஆராய ஆர் நிரல்மொழிக்கான ஸ்பாட்ஸ்டாட்.

முதலில் ஃபிஜியில் படத்தைத் திறந்து, இமேஜ் பட்டியலிலுள்ள ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியைப் பாருங்கள். பிக்சலின் அகலம் 0.5 மைக்ரோமீட்டர், அடுத்தடுத்த தளங்களுக்கு இடையிலான ஆழம் 2 மைக்ரோமீட்டர் என்றால், பக்கவாட்டில் பத்து பிக்சல் தள்ளியிருக்கும் செல் 5 மைக்ரோமீட்டர் தொலைவிலும், பத்துத் தளம் கீழே இருக்கும் செல் 20 மைக்ரோமீட்டர் தொலைவிலும் உள்ளன. கோப்பின் வடிவத்தை மாற்றும்போது இந்த ஆழ எண் தொலைந்துபோவதுண்டு. அந்தக் கட்டத்திலும் 0.5 என்றே இருந்துவிட்டால், ஒன்றன்கீழ் ஒன்றாக 12 மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு செல்கள் 3 மைக்ரோமீட்டரில் நெருங்கி நிற்பதாகக் கணக்கு வரும். பின்னால் வரும் எந்தப் புள்ளியியலும் இதைச் சரிசெய்யாது. ஆகவே நுண்ணோக்கியின் பதிவுக் குறிப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.

நாபாரியில் அளவுகோலை ஆழம் முதலாக 2, 0.5, 0.5 என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். செல்போஸில் முப்பரிமாண முறையைத் தேர்ந்து, அனைசோட்ரபி மதிப்பை, அதாவது தள இடைவெளிக்கும் பிக்சல் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை, 4 என்று வையுங்கள். கிடைத்த வண்ணக் குறிகளை மூலப்படத்தின்மேல் ஏற்றி, ஒவ்வொரு தளமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே செல் இரண்டாகப் பிளந்திருந்தால் அது பொய்யான நெருக்கத்தை உண்டாக்கும் என்பதால், இந்தச் சோதனைக்குச் செலவாகும் ஒரு மணி நேரம் வீணல்ல.

பிறகு ஒவ்வொரு செல்லின் மையத்தையும் மைக்ரோமீட்டரில் மூன்று நெடுவரிசையாக எழுதி, ஸ்பாட்ஸ்டாட்டில் ஏற்றி, ரிப்ளியின் கே சார்பைக் கணியுங்கள். ஒரு செல்லைச் சுற்றி r ஆரமுள்ள கோளத்துக்குள் சராசரியாக வேறு எத்தனை செல்கள் உள்ளன என்பதை அடர்த்தியால் வகுப்பதே இது. முற்றிலும் தற்செயலான பரவலில் இதன் மதிப்பு 4/3 πr³. மூளைத் துண்டுகள் மெல்லியவை. கோளம் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அங்கே எண்ணாமல் விடுபடும் செல்களை ஈடுசெய்யும் விளிம்புத் திருத்தம் கட்டாயம். 60 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள துண்டில் ஆரம் 30-ஐத் தாண்டிய பகுதியை நான் நம்புவதில்லை.

தற்செயல் பரவலை 39 முறை உருவாக்கி, அவற்றின் மேல், கீழ் எல்லைகளோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு ஆரத்திலும் 5% அளவிலான சோதனை கிடைக்கும்: கே சார்பின் வளைகோடு மேல் எல்லையைத் தாண்டினால் செல்கள் கூட்டமாகத் திரண்டிருக்கின்றன, கீழ் எல்லைக்குக் கீழே இறங்கினால் இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன என்று பொருள். ஆனால் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இரண்டு செல்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஆகவே அந்தத் தூரம்வரை வளைகோடு எல்லைக்குக் கீழே இறங்குவதை, செல்கள் ஒன்றையொன்று விலக்குவதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. குறைந்தபட்ச இடைவெளியை மீறும் புள்ளிகளைத் தள்ளிவிட்டு உருவாக்கிய பரவலோடுதான் ஒப்பிட வேண்டும். பெருமூளைப் புறணியில் அடுக்குக்கு அடுக்கு அடர்த்தி மாறுவதால், ஒவ்வோர் அடுக்கையும் தனிப் பெட்டியாக வெட்டிக் கணிப்பதே சரி.